விஷப்புகையால் தள்ளிப்போன கர்ப்பம்! 20 ஆண்டு உறைந்து கிடந்த ரத்தம் காட்டிக்கொடுத்தது

இத்தாலி நாட்டில் ஒரு ரசாயன ஆலை கக்கிய விஷப்புகை, கோழியையும் முயலையும் கொன்றதோடு நிற்கவில்லை. அந்தப் பகுதிப் பெண்களுக்குக் கர்ப்பம் தங்குவதையும் தாமதப்படுத்தியதாகத் தெரியவந்தது.

இதற்குச் சாட்சி, ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருந்த பழைய ரத்தம்!

சனிக்கிழமை பகல்

மிலான் நகருக்கு வடக்கே உள்ள சிற்றூர் செவெசோ. பக்கத்து ஊரான மேதாவில் "இக்மேசா" என்ற ஆலை இருந்தது.

1976-ம் ஆண்டு ஜூலை 10-ந்தேதி, சனிக்கிழமை. வார விடுமுறைக்காக ஆலையில் வேலையை நிறுத்தி இருந்தார்கள். ஆனால் ரசாயனக் கொப்பரைக்குள் சூடு ஏறிக்கொண்டே போனது. பகல் 12.37 மணிக்குப் பாதுகாப்புத் தகடு பிய்த்துக்கொண்டது. குபுகுபுவென்று கிளம்பிய புகை, காற்றோடு செவெசோ பக்கம் போனது.

புகையில் இருந்த எமன் பெயர் "டயாக்சின்".

ஊர் ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல் தோட்டத்துக் காய்கறியைப் பறித்துச் சாப்பிட்டார்கள். சில நாளில் முயல், கோழி, குருவி எல்லாம் கொத்துக் கொத்தாகச் செத்தன. குழந்தைகளின் தோலில் கொப்புளம் கிளம்பியது.

டயாக்சின் இருந்ததைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவே சுமார் 10 நாள் ஆனது. ஜனங்களை வெளியேற்ற 2 வாரத்துக்கு மேல் ஆனது! 700-க்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். விஷம் சாப்பாட்டில் கலக்காமல் இருக்க, 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழி, முயல், கால்நடைகளைக் கொன்றார்கள்.

ஆலை அதிகாரி ஒருவரைத் தீவிரவாதிகள் 1980-ல் சுட்டுக்கொன்றார்கள். 1982-ல் 41 பீப்பாய் விஷக்கழிவு மாயமாக மறைந்து, மறு வருடம் பிரான்சில் ஒரு பழைய ஆட்டுத்தொட்டியில் சிக்கியது. அதெல்லாம் தனிக்கதை.

கொட்டாத ரத்தம்

பக்கத்து ஊரான தேசியோவின் ஆஸ்பத்திரியில் டாக்டர் பாவ்லோ மொக்கரெல்லி இருந்தார். கொஞ்சம் ரத்தத்தை வைத்து டயாக்சினை அளக்க அப்போது வழி இல்லை. ஆனாலும் அவர், பரிசோதனைக்கு எடுத்ததில் மீதியைக் கீழே கொட்டவில்லை. போலீசார் தடயத்தைப் பத்திரப்படுத்துவது மாதிரி, ஆயிரக்கணக்கானவர்களின் ரத்த நீரை உறைய வைத்தார்.

1980-களின் கடைசியில், அமெரிக்காவில் அட்லாண்டாவில் உள்ள அரசு ஆய்வுக்கூடம் அதை அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த ரத்தத்துக்கு வேலை வந்தது.

1996-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கெனாசி, மொக்கரெல்லியோடு சேர்ந்து விசாரணையைத் தொடங்கினார். விபத்தின்போது 40 வயதுக்கு உட்பட்டு இருந்த 981 பெண்கள் சேர்ந்தார்கள். "பிள்ளைக்கு ஆசைப்பட்ட பிறகு எத்தனை மாதத்தில் தங்கியது?" என்பது ஒரு முக்கியமான கேள்வி.

முடிவு 2010-ல் வெளியானது. ரத்தத்தில் டயாக்சின் 10 மடங்கு கூடினால், கர்ப்பம் தங்க ஆகும் காலமும் கால் பங்கு கூடுகிறது. அதாவது 4 மாதத்தில் தங்க வேண்டியது 5 மாதம் ஆகிறது. ஒரு வருடம் முயன்றும் தங்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 2 மடங்கு ஆகிறது.

இதை வைத்து "டயாக்சின் பட்டால் மலடு" என்று சொல்லிவிடக்கூடாது. செவெசோவில் எத்தனையோ பெண்கள் பிள்ளை பெற்றார்கள்.

காரணம் என்ன? கருமுட்டை முதிர வேண்டும் என்று உடம்புக்குள் போகும் உத்தரவுச் சீட்டுதான் ஹார்மோன். டயாக்சின் நடுவில் புகுந்து சீட்டைக் குழப்பிவிடும் ஆசாமி. அது உடம்புக் கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். பாதி குறையவே 7 வருடத்துக்கு மேல் ஆகும்.

ஆணுக்கும் பங்கு உண்டு. விபத்தின்போது சின்னப் பையன்களாக இருந்தவர்களுக்கு, வளர்ந்த பிறகு விந்தணு குறைந்திருந்ததாக மொக்கரெல்லி 2008-ல் தெரிவித்தார். பிள்ளை இல்லை என்றால் மருமகளை மட்டும் கரித்துக் கொட்டும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

பெருங்குடியில்...

டயாக்சின் உண்டாக ஆலை வெடிக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கலந்த குப்பை புகைந்து எரிந்தாலே போதும்.

சென்னை பெருங்குடி குப்பைக்கிடங்குப் பக்கம் வசித்த தாய்மார்களின் தாய்ப்பாலை ஜப்பான் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 2004-ல் வெளியான முடிவின்படி, மற்ற இடத்துத் தாய்மார்களைவிட இவர்களிடம் டயாக்சின் அதிகம். குப்பையில் மேய்ந்த மாடுகளின் பால் வழியாக வந்திருக்கலாம் என்று சந்தேகம். கர்ப்பம் பற்றி அந்தச் சோதனையில் கேட்கவில்லை. இதற்குப் பயந்து குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது. அதற்கு ஈடு வேறு இல்லை என்பதுதான் டாக்டர்கள் பேச்சு.

2022 ஏப்ரலில் அதே கிடங்கு தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்தது.

திறந்த வெளியில் குப்பையைக் கொளுத்தினால் 5 ஆயிரம் ரூபாய், மொத்தமாகக் கொளுத்தினால் 25 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது. ராத்திரி கடை அடைத்ததும் அட்டைப்பெட்டியோடு பாலிதீன் பையையும் சேர்த்துக் கொளுத்துகிறவர்களும் இதில் அடக்கம்.