‘எனக்கு’ன்னா ‘மீ’யா, ‘ஐ’யா?

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போனப்ப, பத்தாவது படிக்கிற சித்தி பையன் நோட்டோட வந்தான். “அண்ணே, ‘எனக்குத் தெரியும்’க்கு ‘மீ நோ’ன்னு எழுதுனேன். தப்பு போட்டுட்டாங்க. ‘எனக்கு’ன்னா ‘மீ’தானே?”

அவன் கேட்டதுல நியாயம் இருக்கு. தமிழ்ல ‘நான்’ எழுவாய். வேற்றுமை உருபு சேர்ந்தா ‘என்’ ஆகி என்னை, என்னால், எனக்கு, என்னோடு என்று மாறும். இங்கிலீஷ்ல இத்தனைக்கும் ஒரே ‘மீ’தான். உடைமைக்கு மட்டும் ‘மை’.

ஆனா தெரியும், பிடிக்கும், பசிக்குது போன்ற வினைகளுக்குத் தமிழ்ல நான்காம் வேற்றுமை வரும். இங்கிலீஷ்ல அங்கே எழுவாய்தான்: ஐ நோ, ஐ லைக். அவன் தடுக்குனது இங்கதான்.

ரெண்டு பேர் சேர்ந்து வந்தா, ஒருத்தரை விரலால மறைச்சுப் பாருங்க. ‘ரவி அண்ட் மீ வென்ட்’ல ரவியை மறைச்சா ‘மீ வென்ட்’. காதே தப்புன்னு சொல்லிடும். ‘டீச்சர் கால்டு ரவி அண்ட் ஐ’யும் அப்படித்தான், ‘கால்டு மீ’தான் சரி.

பிளேஸ்மென்ட் இன்டர்வியூல நாமளும் தடுமாறுற இடம் இது. தமிழ்ல யோசிக்கிறது குத்தமில்ல. தமிழ் உருபைப் பார்க்காம, இங்கிலீஷ் வாக்கியத்துல எழுவாய் யாருன்னு பார்த்தா போதும்.