உறங்கும் கிருமியும் அக்கி நோயும்

கோயம்பேடு சந்தையில் உழைத்துவந்த தொழிலாளர் பலர் 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களுக்குத் திரும்பினர். அப்போது கொரோனா நோய் பரவியதை வடலூர்ச் சுற்றுவட்டார மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நோய், உடலில் முன்னரே உறங்கிக் கிடக்கும் வேறொரு கிருமியை எழுப்பிவிடவும் கூடும் என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

சின்னம்மை கண்டு, கொப்புளங்கள் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்ததும் நோய் அகன்றது என எண்ணுகிறோம். ஆனால் ஹெர்பீஸ் இனத்தைச் சேர்ந்த அவ்வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில், நீறு பூத்த நெருப்பெனப் பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே அதற்குக் காவல். முதுமையாலோ பிணியாலோ அக்காவல் தளருங்கால், கிருமி நரம்பின் வழியே தோலை அடைந்து அக்கியாக வெளிப்படுகிறது.

கொரோனா நோய் கடுமையாகும்போது, கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள் இரத்தத்தில் குறைகின்றன. அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றி 2022-ல் வெளியான ஆய்வொன்று, கொரோனா கண்டவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 15 சதவீதம் மிகுதி என்றும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு 21 சதவீதம் மிகுதி என்றும் கண்டது. இதனால் யாரும் அஞ்ச வேண்டுவதில்லை; விழிப்புடன் இருத்தல் போதும்.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் குத்தலும் உண்டாகி, சில நாட்களில் பட்டைபோல் கொப்புளங்கள் எழும்பினால் அது அக்கியாக இருக்கலாம். மண்பாண்டம் வனைவோரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்வது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். காவி தோலின்மேல் நிற்கிறது. கிருமியோ நரம்பினுள் இருக்கிறது. மருத்துவர் தரும் அசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவதே மிகுந்த பயன் தரும். எழுதிக்கொண்டு காத்திருப்பதில் அந்த நேரம் வீணாகிறது. புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் வலி நீடிப்பதுண்டு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் பார்வைக்கே கேடு நேரலாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சின்னம்மை காணாத குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொப்புள நீரால் சின்னம்மை தொற்றக்கூடுமாதலால், புண்ணை மூடிவைத்தல் நன்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இச்செய்தியைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. பழைய வழக்கத்தைப் பழித்துரைக்க வேண்டுவதில்லை. முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், மற்றவை பிறகு என்று சொன்னாலே போதும். பிறர் துயர் துடைக்க வள்ளலார் 1867-ல் தருமச்சாலை நிறுவிய வடலூரைச் சூழ்ந்த கிராமங்களுக்கு, இத்தொண்டு புதியதன்று.