தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்
நீந்தும்போது கழலாத கடற்கன்னிக் கிரீடம்: ஒரு சிறுதொழில் அறிமுகம்

சிப்பி, பாசிமணி, எலாஸ்டிக், கொண்டை ஊசி. இவை நம் பேன்சி கடைத் தட்டுகளில் சில்லறைக்கு விற்கும் பொருள்கள். இவற்றையே கோத்துக் கடற்கன்னிக் கிரீடமாக விற்கும் குடிசைத் தொழில் ஒன்று அமெரிக்காவில் நடக்கிறது. நமக்குப் புதிய சரக்குதான். ஆனால் அதில் நாம் அறிய வேண்டிய வியாபாரப் பாடம் உண்டு.

வாங்குவோர் யார்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வீக்கி வாச்சி என்னும் நீரூற்று இருக்கிறது. கடற்படை வீரர்களுக்கு நீச்சல் பயிற்சி அளித்த நியூட்டன் பெர்ரி, 1947-இல் அங்கே நீருக்கடியில் கடற்கன்னிக் காட்சியைத் தொடங்கினார். ரப்பர் குழாய் வழியே காற்றை இழுத்துக்கொண்டு பெண்கள் நீருக்குள் நடிப்பார்கள். பார்வையாளர்கள் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து பார்ப்பார்கள். 2008 முதல் அது மாநில அரசின் பூங்கா. நியூயார்க்கின் கோனி தீவில் 1983 முதல் கடற்கன்னி ஊர்வலம் நடந்து வருகிறது. இப்போது மீன் வால் மாட்டிக்கொண்டு நீந்துவதே பலருக்குப் பொழுதுபோக்கு. நீர்மூழ்கிப் பயிற்சி நிறுவனங்கள் இதற்கென்றே பாடமும் நடத்துகின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர்வலத்தில் நடப்பவர் அணிவது வேறு. நீரில் இறங்குபவர் அணிவது வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

ஒரு கிரீடம் செய்த கேடு

1952-இல் வெளிவந்த 'மில்லியன் டாலர் மெர்மெய்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் நடித்தவர் நீச்சல் வீராங்கனை எஸ்தர் வில்லியம்ஸ். ஒரு காட்சியில் தலையில் உலோகக் கிரீடத்துடன் உயரத்திலிருந்து நீரில் குதித்தார். கிரீடம் கழலவில்லை, வளையவும் இல்லை. நீர் மோதிய வேகத்தில் தலை பின்னுக்குத் தள்ளப்பட்டு, கழுத்தெலும்பில் மூன்று கண்ணிகள் முறிந்தன. மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு இருந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்போம். இங்கே தலைப்பாகை போகாததால்தான் கேடு தலைக்கு வந்தது.

ஆகவே நல்ல கிரீடத்துக்கு இரண்டு குணம் வேண்டும். நீர் இழுத்தால் கழலக் கூடாது. ஆபத்தில் கை இழுத்தால் உடனே கழல வேண்டும்.

நீர் செய்யும் வேலை

காற்றைவிட நீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. தெருவில் அசையாத கிரீடம் நீருக்குள் பாய்மரம்போல் இழுபடும். 100 கிராம் சிப்பி நீருக்குள் சுமார் 65 கிராம்தான் கனக்கும். தலையை வெளியே தூக்கியதும் முழுக் கனமும் திரும்பிவிடும். செருப்புக்குப் பயன்படும் ஃபோம் ஷீட்டோ மிதந்து மேலே எழும்பப் பார்க்கும். சிப்பி கீழே இழுக்க, ஃபோம் மேலே இழுக்க, இரண்டையும் அளவறிந்து சேர்ப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

செய்முறை

1. அடித்தளம்: வளையும் பிளாஸ்டிக் பட்டை அல்லது மெல்லிய ஃபோம். தகடும் தடித்த கம்பியும் கூடாது.

2. வடிவம்: உயரம் குறைவாக, பின்பக்கம் சாய்ந்து, நீர் புகுந்து வெளியேற இடைவெளியோடு இருக்க வேண்டும். பெரிய சிப்பிக்குப் பதில் சின்னச் சிப்பிகள் போதும்.

3. ஒட்டுதல்: வெள்ளைப் பசை நீரில் இளகும். குளூ கன் பசை வெயிலில் பிடிப்பு விடும். மீன் தொட்டிக்குப் பூசும் சிலிக்கான் பசை வளைந்து கொடுக்கும். கனமான பொருளை ஒட்டுவதோடு நிறுத்தாமல் துளையிட்டு நைலான் நரம்பால் கட்டுவதே உறுதி.

4. பிடிமானம்: காதுக்கு மேலே இரு பக்கமும் சிறு பின்னல் போட வேண்டும். கிரீடத்தில் தைத்த சீப்பு கிளிப்பின் பற்கள் முன்னிருந்து பின்னோக்கி அந்தப் பின்னலில் இறங்க வேண்டும். முன்னோக்கி நீந்தும்போது நீரே அதை மேலும் அழுத்திப் பிடிக்கும். பிடரியில், முடிக்கு அடியில் ஒரு மெல்லிய எலாஸ்டிக் போதும். தாடைக்குக் கீழோ கழுத்தைச் சுற்றியோ கட்டவே கூடாது.

5. ஊசிகள்: சாதா இரும்பு துருப்பிடிக்கும், உப்பு நீரில் செம்பு பச்சை பூக்கும். பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது.

6. சோதனை: உப்பு நீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, எடுத்து நன்றாக உதற வேண்டும். ஒரு மணி உதிர்ந்தாலும் விற்பனைக்கு ஆகாது. பிறகு ஆழமில்லாத நீரில் அணிந்து பார்க்க வேண்டும். தொங்கும் மணிச்சரம் எதிலும் சிக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்க வேண்டும். எவ்வளவு நல்ல கிரீடமானாலும் அதோடு தலைகீழாகக் குதிக்கக் கூடாது.

கல்லாவில் இருப்பவர் கடமை

மேடைக்குச் செய்த கிரீடத்தை, "தண்ணிக்கும் தாங்குமா?" என்று கேட்பவரிடம், "அதெல்லாம் தாங்கும்" என்று சொல்லி விற்க ஒரு நொடி போதும். அந்த ஒரு சொல்லில் ஒருவர் கழுத்து இருக்கிறது. 'அலங்காரத்துக்கு மட்டும்', 'நீந்துவதற்கு ஏற்றது' என்று தனித்தனிச் சீட்டு ஒட்டி, தனித்தனி விலை வைப்பதே முறை. சோதனைக்கு ஆகும் நேரத்தையும் விலையில் சேர்க்கலாம். காரணம் சொன்னால் வாடிக்கையாளர் மறுக்க மாட்டார்.

கயிறு விற்றாலும், ஏணி விற்றாலும், அடுப்புக் குழாய் விற்றாலும் இதே விதிதான். எதற்கு வாங்குகிறார் என்று கேளுங்கள். எதற்கு ஆகாது என்பதையும் சொல்லி விற்பனை செய்யுங்கள். அன்றைய ஒரு விற்பனை கைநழுவலாம். அந்த வாடிக்கையாளர் நழுவ மாட்டார்.