பரணில் ஒரு தவில்... விலை என்ன சார்?

புது பைக்கை ஷோரூமிலிருந்து வெளியே ஓட்டி வந்த மறு நிமிடமே அது ‘செகண்ட் ஹாண்ட்’. பி.காம். வகுப்பில் இதற்குத் தேய்மானம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் அடங்காத சாமான் ஒன்று, எங்கள் ஆண்டிபட்டிப் பக்கம் சில மேளக்காரர் வீட்டுப் பரணில் தூங்குகிறது. தவில்!

மாவூற்று வேலப்பர் கோயில் சித்திரைத் திருவிழாவில் தாத்தா முழக்கியது. பேரனோ கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் தட்டுகிறான். பழைய சாமான் வியாபாரி வந்து, தோல் கிழிசலைக் காட்டி விறகு விலைக்குக் கேட்கிறார். “சும்மாதானே கெடக்கு, குடுத்து விடுங்க” என்று அடுப்படியிலிருந்து சிபாரிசு வேறு. கொடுத்தால், எங்கேயோ ஓட்டல் வரவேற்பறையில் விளக்கு ஸ்டாண்டாக நிற்கும்.

கொஞ்சம் பொறுங்கள். தவிலில் இரண்டு கணக்கு உண்டு. தோல், செலவுக் கணக்கு. கட்டை, சொத்துக் கணக்கு. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இதையே, “தோலு சட்டை மாதிரி தம்பி, கட்டைதான் உடம்பு” என்பார். ஒரே பலாமரத் துண்டைக் குடைந்து செய்வது கட்டை. பச்சை மரம் காயக் காய வெடிக்கும். ஐம்பது வருஷம் வெடிக்காமல் நின்ற கட்டை, சேட்டையெல்லாம் முடித்து அடங்கிவிட்ட ஆசாமி!

தரம் பார்ப்பது எப்படி?

நிறம்: புதுப் பலா மஞ்சள், வயசானால் பழுப்பு. வெளியே பாலீஷ் ஏமாற்றும். தோல் கழற்றும்போது உள்ளே டார்ச் அடியுங்கள்.

விரிசல்: மரத்தூளும் பசையும் அடைத்து பெயிண்ட் பூசியிருக்கலாம். விரலால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ‘சொத்’ என்றால், அங்கே ஏதோ சங்கதி இருக்கிறது.

வாய் விளிம்பு: சமதரையில் கவிழ்த்து வையுங்கள். ஆடினால் விலையும் ஆடும்.

துளை: பூச்சித் துளையிலிருந்து தூள் கொட்டினால், குடித்தனம் இன்னும் காலியாகவில்லை! விளக்கு ஒயருக்காகத் துளை போட்டிருந்தால், வாசிப்பவர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

இனி விலை. வாசிக்க வாங்குபவருக்கு நாதம் முக்கியம். புதுத் தவில் இன்று என்ன விலை என்று பட்டறையில் விசாரியுங்கள். தோல், ரிப்பேர், கூலியைக் கழியுங்கள். மிச்சத்திலிருந்து பேரத்தை ஆரம்பிக்கலாம்.

சேகரிப்பவர் வேறு ஜாதகம். தோல் வாரும் மூங்கில் வளையமும் அப்படியே இருந்தால் அவருக்குக் கொண்டாட்டம். ஸ்டீல் வளையமும் போல்ட்டும் வாசிக்க வசதிதான். இவரோ உதட்டைப் பிதுக்குவார். பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று சுரண்டி வைக்காதீர்கள்.

அடித்தவர் யார் என்பதற்கும் விலை உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வாசித்த லட்விக் டிரம்ஸ், 2015-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நீங்களும், ‘நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தொட்ட தவில்’ என்று அடித்து விடலாம். போட்டோ எங்கே என்பார்கள்! நூறு வயசு தாண்டிய கலைப்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப 1972-ம் வருஷச் சட்டம் தடை போடுகிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

விற்றே தீர வேண்டுமா? தவில் கற்றுக்கொள்கிற பையன் யாராவது இருக்கிறானா என்று முதலில் விசாரியுங்கள். ஆயிரம் ரெண்டாயிரம் குறைந்தால் குறையட்டும். விளக்கு ஸ்டாண்டுக்கு வெளிச்சம்தான் வரும். தாத்தா சத்தம் வராது, சார்!