பழைய உலாவியும் புதிய பதிப்பும்

கருவிகள் எல்லாம் நாட்பட நாட்படத் தேயும் இயல்பின. அரிவாளின் வாய் மழுங்கினால் அது கண்ணுக்குத் தெரியும். கிணற்றுக் கயிறு நைந்தால் அது கைக்குத் தெரியும். தெரிந்தவுடன் மக்கள் ஒன்றைத் தீட்டுகின்றனர், மற்றொன்றை மாற்றுகின்றனர். ஆனால், தேயாமலே பழையதாகிவிடும் கருவி ஒன்று இன்று எல்லார் கையிலும் உள்ளது. பத்து ஆண்டுகளுக்கு முன் எவ்வாறு இயங்கியதோ அவ்வாறே அஃது இன்றும் இயங்கும். அதன்கண் ஒரு சிறு கூறும் அழிந்திராது. எனினும், அதனை நம்பியிருப்போர்க்கு அதனால் பெருந்தீங்கு நேர்தல் கூடும். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் உள்ள உலாவியே அக்கருவி. அதனைப் புதுப்பிப்பதா, பழையதையே வைத்துக்கொள்வதா என்பது சிறிய வினாவாகத் தோன்றும். ஆயினும், அரசுகளையும் பெருநிறுவனங்களையும் திகைக்க வைத்த வினா அது.

இணையத்தில் உள்ள பக்கங்களை வரவழைத்துத் திரையில் காட்டும் மென்பொருளே உலாவி எனப்படும். ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் 1990ஆம் ஆண்டில் முதல் உலாவியை உருவாக்கினார். அமெரிக்காவில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தார் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட மொசைக் என்னும் உலாவி, எழுத்துடன் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பொதுமக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நாளில் உலாவி படித்துக் காட்டும் ஏவலாளாக மட்டுமே இருந்தது. இன்றோ, வங்கிக் கணக்கும் கடிதமும் தேர்வு முடிவும் அதன் வழியாகவே வருகின்றன. ஆதலின், அது வாயிற்காவலனாகவும் இருக்க வேண்டியதாயிற்று.

உலாவியைச் செய்வோர் அதனைத் திருத்தித் திருத்தி வெளியிடுகின்றனர். அவ்வாறு வெளிவரும் ஒவ்வொன்றும் ஒரு பதிப்பாகும். நூற்பதிப்போடு இதனை ஒப்பிட்டு நோக்கின் பொருள் நன்கு விளங்கும். ஒரு நூலின் இரண்டாம் பதிப்பில் மூன்று வகை மாற்றங்கள் இருத்தல் கூடும். முதற்பதிப்பில் இருந்த பிழைகள் களையப்பட்டிருக்கும். புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டிருக்கும். பழைய பகுதிகள் சில விடப்பட்டிருக்கும். உலாவியின் புதிய பதிப்பிலும் குறைநீக்கம், புத்தாக்கம், விலக்கம் என்னும் இம்மூன்றும் உண்டு. நூலுக்கும் உலாவிக்கும் வேறுபாடு ஒன்றே. அச்சுப்பிழையுள்ள நூலை வைத்திருப்பவனுக்கு அதனால் பொருள் இழப்பு நேராது. உலாவியில் உள்ள பிழையோ கள்வர் நுழையும் கன்னமாதல் கூடும்.

புதுப்பிக்கத் தயங்குவோர் அனைவரும் சோம்பர் அல்லர். அவர்தம் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. மொசில்லா அமைப்பினர் 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பயர்பாக்ஸ் உலாவியின் 57ஆம் பதிப்பை வெளியிட்டனர். அது முன்னையவற்றினும் விரைவாக இயங்கியது. ஆனால், பழைய முறையில் எழுதப்பட்ட துணைநிரல்கள் அதில் இயங்கவில்லை. பல ஆண்டுகளாகத் தம் வேலைக்கு ஏற்பத் துணைநிரல்களைத் தேர்ந்து சேர்த்து வைத்திருந்தோர், ஒரே நாளில் அவற்றை இழக்க வேண்டியவராயினர். பயின்ற கைக்குப் பழைய கருவியே இனிது. அதனை விடுவதில் உண்மையான இழப்பு உண்டு என்பதை மறுத்தல் இயலாது.

எனினும், மாறாமல் இருப்பதற்கும் விலை உண்டு. அவ்விலையை உலகிற்கு உணர்த்தியது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்னும் உலாவியின் 6ஆம் பதிப்பாகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டது. அந்நாளில் இணையத்தைப் பயன்படுத்தியோருள் பெரும்பான்மையோர் இந்நிறுவனத்தின் உலாவியையே கையாண்டனர். போட்டி இன்மையால் அடுத்த பதிப்பு வெளிவர ஐந்து ஆண்டுகள் ஆயின. அக்கால அளவில் நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தம் பேரேடுகளையும் படிவங்களையும் இந்த ஒரு பதிப்புக்கு மட்டுமே பொருந்துமாறு அமைத்துக்கொண்டன. 2006ஆம் ஆண்டில் 7ஆம் பதிப்பும், 2009ஆம் ஆண்டில் 8ஆம் பதிப்பும் வந்தன. ஆயினும், பலரால் பழையதை விட்டு நகர முடியவில்லை. உலாவியை மாற்றினால் படிவங்கள் இயங்கா. படிவங்களை மாற்றவோ பெரும்பணம் வேண்டும்.

இந்நிலையில், 2010ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கூகுள் நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. தன் கணிப்பொறிகளுக்குள் பகைவர் புகுந்து தன் அறிவுடைமையைக் கவர்ந்தனர் என்றும், வேறு பல நிறுவனங்களும் இவ்வாறே தாக்கப்பட்டன என்றும் அஃது அறிவித்தது. ஆராய்ந்தபோது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அதுவரை வெளிப்படாதிருந்த ஒரு குறையே தாக்குதலுக்கு வழியாக இருந்தமை தெரிந்தது. அக்குறை 7ஆம் 8ஆம் பதிப்புகளிலும் இருந்தது. எனினும், அப்போது கண்டறியப்பட்ட தாக்குதல்கள் 6ஆம் பதிப்பையே குறியாகக் கொண்டிருந்தன. புதிய பதிப்புகளில் கூடுதலான தற்காப்புகள் அமைந்திருந்தமையால், அவற்றில் புகுதல் கள்வர்க்கு அரிதாயிற்று. புதியது குற்றமே அற்றது என்பது இதன் கருத்தன்று. ஒரு பூட்டு உடைந்தாலும் உள்ளே மற்றொரு கதவு இருந்தது என்பதே கருத்து. செருமானிய நாட்டினதும் பிரெஞ்சு நாட்டினதும் பாதுகாப்புத் துறைகள், குறை நீங்கும்வரை வேறோர் உலாவியைப் பயன்படுத்துமாறு மக்களுக்கு அறிவுறுத்தின. சனவரி 21ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் அக்குறையை நீக்கும் திருத்தத்தை வெளியிட்டது.

அதே ஆண்டில் பிரிட்டனில் மக்கள் பலர், அரசுத் துறைகள் 6ஆம் பதிப்பைக் கைவிடுதல் வேண்டும் என்று விண்ணப்பம் செய்தனர். அரசு அதற்கு இணங்கவில்லை. துறைகளின் மென்பொருள்கள் அனைத்தையும் புதிய உலாவியோடு பொருத்திச் சோதிக்கத் திங்கள் பல ஆகும். மக்களின் வரிப்பணம் பெரிதும் செலவாகும். வரும் திருத்தங்களை ஏற்று, வேறு காவல்களையும் வைத்துக்கொண்டால் போதும் என்பது அரசின் மறுமொழி. இக்கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், காலம் நின்றுவிடவில்லை. அவ்வுலாவி எந்த இயங்குதளத்துடன் வந்ததோ, அந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு வழங்கிய ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆம் நாளுடன் நிறுத்தியது. மாற்றத்தை முடிக்காத அலுவலகங்களுக்காக, மேலும் ஓராண்டு திருத்தங்களைப் பெறும்பொருட்டு, பிரிட்டன் அரசு ஏறத்தாழ 55 இலட்சம் பவுன் கொடுக்க நேர்ந்தது. ஒத்திவைத்த செலவு ஒழிந்த செலவு ஆகாது. வட்டியுடன் திரும்பி வரும் கடனாகும்.

பழைய பதிப்பு நாள்தோறும் இடர் மிகுந்ததாக ஆவது எவ்வாறு? இஃது ஊன்றி அறியத்தக்கது. ஒரு குறையை நீக்கும் திருத்தம் வெளிவந்தவுடன், கள்வரும் அதனைப் பெற்றுப் பார்க்கின்றனர். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் அருகருகே வைத்து, எங்கே மாற்றம் செய்யப்பட்டுள்ளது என்று நோக்குகின்றனர். மாற்றம் உள்ள இடமே முன்பு குறை இருந்த இடம். சுவரில் புதுச்சாந்து பூசிய இடத்தைக் கண்டவன், பூசாத சுவரில் துளை எங்கே இருக்கும் என்று அறிந்துகொள்வது போன்றது இது. ஆகவே, திருத்தம் வெளிவந்த பின் அதனை ஏற்காதவனது நிலை முன்னையினும் கேடானது. அவன் மாறவில்லை, அவன் வீட்டின் துளையை இப்போது பலர் அறிந்துகொண்டனர்.

இக்காரணத்தால், மூவகை மாற்றங்களுள் குறைநீக்கத்தை உடனே ஏற்றல் வேண்டும். புத்தாக்கத்தையும் விலக்கத்தையும் பற்றி ஆராயலாம். இவ்வேறுபாட்டை உணர்ந்தே மொசில்லா அமைப்பினர் 2012ஆம் ஆண்டு முதல், நெடுநாள் ஆதரவுடைய பதிப்பு ஒன்றைத் தனியே வெளியிட்டு வருகின்றனர். அதன் தோற்றமும் பணியும் ஏறத்தாழ ஓராண்டு மாறா. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தவறாமல் வரும். பள்ளிகளும் அலுவலகங்களும் அந்த ஓராண்டில் ஆராய்ந்து ஆயத்தம் ஆகலாம். மைக்ரோசாப்ட் நிறுவனமும் விண்டோஸ் 10 கணிப்பொறிகளில் தன் பழைய உலாவியை 2022ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் ஓய்வுபெறச் செய்தபோது, எட்ஜ் என்னும் தன் புதிய உலாவிக்குள்ளேயே பழைய பக்கங்களைத் திறக்கும் முறை ஒன்றை வைத்துள்ளது. புதிய வீட்டில் பழைய பெட்டிக்கு ஓர் அறை ஒதுக்குவது போன்ற ஏற்பாடு அது.

சில வேளைகளில் புதுப்பிக்க மனம் இருந்தும் பொறி இடம் தராது. கூகுள் குரோம் உலாவியின் 109ஆம் பதிப்பே விண்டோஸ் 7 ஏற்கும் இறுதிப் பதிப்பாகும். அது 2023ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. அத்தகைய கணிப்பொறியை உடையோர், அது நன்றாக இயங்குகின்றது என்று எண்ணி அமைதல் கூடாது. அதில் எழுதலாம், கணக்கிடலாம், படம் வரையலாம். வங்கிக் கடவுச்சொல்லை இடுதல் தகாது.

எனவே, புதிய பதிப்பு வந்துள்ளது என்னும் அறிவிப்பைக் கண்டவன் தன்னைத்தானே வினவ வேண்டிய வினாக்கள் மூன்று. இப்போது உள்ள பதிப்புக்கு அதனைச் செய்தோர் இன்னும் திருத்தம் வழங்குகின்றனரா என்பது முதல் வினா. இல்லை என்பது விடையானால், ஆராய்வதற்கு இடமே இல்லை, புதுப்பித்தலே கடன். பழையதைச் சார்ந்து நிற்கும் வேலை யாது, அதனை வேறு வழியில் செய்ய இயலுமா என்பது இரண்டாம் வினா. காத்திருப்பதானால் எந்நாள் வரை என்பது மூன்றாம் வினா. நாள் குறியாத காத்திருப்பு காத்திருப்பு ஆகாது. அது மறதியாக முடியும். எம்முடிவு செய்தாலும், புதிய பதிப்பை உலாவியின் அமைப்புப் பகுதியிலிருந்தோ அதனைச் செய்தோரின் தளத்திலிருந்தோ பெறுதல் வேண்டும். ஏதோ ஒரு பக்கத்தில் திடீரென்று தோன்றி, உலாவி பழையதாயிற்று என்று அச்சுறுத்தும் அறிவிப்பைத் தொடுதல் ஆகாது. புதுப்பிப்பு என்னும் பெயரால் நச்சுமென்பொருளை ஊட்டுவோரும் உளர்.

பழைய சொற்கள் வழக்கு வீழ்வதையும், புதிய சொற்கள் வந்து வழங்குவதையும் தமிழிலக்கண நூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. காலத்தின் இயல்பாகவே கொண்டனர். கருவிகளுக்கும் அது பொருந்தும். புதியது என்பதற்காக ஒன்றை விரும்புதலும், பழகியது என்பதற்காக ஒன்றை விடாதிருத்தலும் ஆராய்ச்சி ஆகா. எதனால் காவல் கிடைக்கின்றது, எதற்கு எவ்விலை கொடுக்கின்றோம் என்று எண்ணித் துணிவதே அறிவுடைமையாகும். ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு முடிவே. அம்முடிவையும் தெரிந்து செய்தல் வேண்டும்.