வியன்னாவின் பலகாரக் கடைகள்

வியன்னா நகரின் ஸாஹர் டோர்ட்டே என்னும் சாக்லேட் கேக்குக்காக ஸாஹர் ஹோட்டலும் டெமல் கடையும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. ‘அசல்’ என்ற பட்டம் 1963-ல் ஹோட்டலுக்கே கிடைத்தது. அங்கே கேக்கின் நடுவிலும் ஆப்ரிகாட் ஜாம் உண்டு. 1786-ல் தோன்றிய டெமலிலோ மேற்பூச்சின் அடியில் மாத்திரமே. நம் கட்சி டெமல்தான். ஜாம் குறைந்தால் சாக்லேட் நன்கு ருசிக்கிறது.

காப்பிக் கடைகளில் ஒரு கோப்பை வாங்கிவிட்டு, பத்திரிகை படித்தவண்ணம் நெடுநேரம் அமரலாம். உடன் ஒரு தம்ளர் தண்ணீரும் வரும்.

சாப்பாட்டில்தான் நம்மவர்களுக்கு எச்சரிக்கை வேண்டும். புகழ்பெற்ற வீனர் ஷ்னிட்ஸல் கன்றின் மாமிசம்! சைவர்கள், அப்பத்தைப் பிய்த்துப் போட்டாற்போன்ற கைஸர்ஷ்மார்னை ப்ளம் பழக் கூழுடன் வயிறார உண்ணலாம்; ஆனால் கேக்கைப் போலவே அதிலும் முட்டை சேர்கிறது. முட்டையும் விலக்கு என்போர், மாவில் என்ன சேர்த்தார்கள் என்று விசாரித்த பின் ஆப்பிள் ஸ்ட்ரூடல் கேட்பது உத்தமம்.