கூட்டம் நிறைந்தது, கல்லா நிறையவில்லை!

ஆயிரம் பேருக்கு மேல் ஆடக்கூடிய பெரிய கூடம். விளக்குகள் மின்னுகின்றன. பாட்டு முழங்குகிறது. ஆனால், ஆட ஆள் இல்லை!

இப்படி ஒரு நடன விடுதி இங்கிலாந்து நாட்டில் இருந்தது. மான்செஸ்டர் என்ற பழைய பஞ்சாலை நகரில், 1982-ம் ஆண்டு மே மாதம் 21-ந்தேதி அது திறக்கப்பட்டது. பெயர் "ஹஸியெண்டா".

"பேக்டரி" என்ற இசைத்தட்டு கம்பெனியும், "நியூ ஆர்டர்" என்ற பாட்டுக் கோஷ்டியும் பணம் போட்டிருந்தன. முன்பு உல்லாசப் படகுகள் விற்ற கட்டிடம் அது. உள்ளே ஒரே குளிர். பேர்பெற்ற கோஷ்டி பாடினால் கூட்டம் வரும். மற்ற நாட்களில் ஈ, காக்காய்கூட எட்டிப் பார்க்காது!

இசைத்தட்டு விற்று வந்த பணத்தை விடுதி விழுங்கிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு

விடுதிக்குப் பாட்டுக் கோஷ்டிகளை ஏற்பாடு செய்து வந்தவர் மைக் பிக்கரிங். 1984-ம் ஆண்டில் அவர் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கினார்.

வாரந்தோறும் வெள்ளிக்கிழமை நடனம். பாடகர் கிடையாது, மேடைக் கோஷ்டி கிடையாது. இசைத்தட்டுகள் மட்டுமே! அந்த இரவுக்கு "நியூட்" என்று பெயர் வைத்தார்கள்.

தட்டு வைப்பதில் என்ன வித்தை இருக்கிறது?

இருக்கிறது! இரண்டு தட்டுகள் அருகருகே சுழலும். ஒன்று கூடத்தில் ஒலிக்கும். மற்றதை, தட்டு வைப்பவர் காதில் மாட்டிய கருவியில் தனியாகக் கேட்பார். வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டு தாளத்தையும் ஒன்றாக்குவார். பிறகு, முதல் பாட்டை மெல்லத் தணித்து, அடுத்ததை உயர்த்துவார். பாட்டு மாறும், தாளம் அறுபடாது. ஆடுகிற கால் நிற்காது! இவரைத்தான் "டி.ஜே." என்கிறார்கள்.

அப்போது அமெரிக்காவின் சிகாகோ நகரில், கறுப்பின இளைஞர்கள் தாளம் போடும் மின்சார இயந்திரங்களைக் கொண்டு "ஹவுஸ்" என்ற புது இசையை உண்டாக்கினார்கள். அந்தத் தட்டுகளும் மான்செஸ்டருக்கு வந்தன.

ஒரே நாள், ஒரே இடம், வாரம் தவறுவதில்லை. இந்த வாரம் வந்தவர், அடுத்த வாரம் நண்பரையும் அழைத்து வந்தார். 1988-ல் விடுதி வாசலில் நீண்ட வரிசை!

வந்தது வினை

கூட்டத்தோடு "எக்ஸ்டசி" என்ற போதை மாத்திரையும் உள்ளே நுழைந்தது. மாத்திரை தின்றவர்கள் மது வாங்கவில்லை; தண்ணீர் குடித்தார்கள். விடுதிக்கோ மது விற்பனைதான் வருமானம். கூடம் நிறைந்தும் கல்லா நிறையவில்லை. மாத்திரை விற்ற காசு ரவுடிக் கும்பல்களுக்குப் போயிற்று!

1989-ல், மாத்திரை தின்ற 16 வயதுப் பெண் ஒருத்தி அங்கே மயங்கி விழுந்து, பிறகு இறந்துபோனாள். துப்பாக்கி ஏந்திய ரவுடிகளின் தொல்லையும் பெருகியது. 1991-ல் சில மாதங்கள் விடுதியை மூடி வைக்க நேர்ந்தது.

கடன் ஏறியது. 1997-ல் விடுதி அடியோடு மூடப்பட்டது. 2002-ல் கட்டிடத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அவற்றுக்கும் "ஹஸியெண்டா" என்றுதான் பெயர்!

கூட்டத்தைச் சேர்க்க நல்ல இசை போதும். சேர்ந்த கூட்டத்தைக் காப்பாற்ற இசை மட்டும் போதாது!